நெய்வேலியில் இரவுச் சாப்பாடு: முதலில் மணி, பிறகு கடை

வேலைக்கோ பயிற்சிக்கோ நெய்வேலிக்குப் புதிதாக வந்து சேர்பவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "ராத்திரி சாப்பாட்டுக்கு எந்தக் கடை நல்லா இருக்கும்?" என்பது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட்டால் அது தீர்ந்துவிடாது. தள்ளுவண்டிகள் இடம் மாறும். பரோட்டா மாஸ்டர் நல்ல கூலி கிடைக்கும் இன்னொரு கடைக்குப் போய்விடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே வண்டியில் இரவு பத்தரைக்குக் கிடைக்கும் ஃபிரைடு ரைஸ் வேறு, ஒன்றரை மணிக்குக் கிடைக்கும் ஃபிரைடு ரைஸ் வேறு. மாஸ்டர் அதே மாஸ்டர், அடுப்பு அதே அடுப்பு. சாதம் மட்டும் மூன்று மணி நேரம் மூத்திருக்கும். இந்த அத்தியாயம் சொல்ல வருவதும் அதைத்தான். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் இரவுக் கடையின் தரம் அதன் பெயர்ப்பலகையில் இல்லை, சரக்கு தீரும் வேகத்தில் இருக்கிறது. அந்த வேகத்தை முடிவு செய்வது ஷிஃப்ட் மாறும் நேரம். ஆகவே முதலில் மணியைப் பாருங்கள், அடுத்து அடுப்பைப் பாருங்கள், கடையை மூன்றாவதாகப் பார்த்தால் போதும்.

ஊர் ஏன் தூங்குவதில்லை

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. 1962-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அன்று முதல் இந்த ஊரில் எல்லோரும் ஒன்றாகத் தூங்கிய இரவு கிடையாது. அதற்கு நிர்வாகக் காரணங்களைவிட நிலத்தின் காரணங்களே வலுவானவை. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். வெட்டியெடுத்த நிலக்கரியையும் மலைபோல் குவித்து மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. ஈரமும் காற்றும் பட்டுத் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. ஆகவே சுரங்கத்திலிருந்து கன்வேயர் வழியாக வருவது அனல்மின் நிலையத்துக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், பாய்லர் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மண்வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்களும் இரவில் நிற்பதில்லை.

இதனால் ஊரின் நாள் காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று மூன்றாக வெட்டுப்படுகிறது. மற்ற ஊர்களில் இரவுச் சாப்பாட்டுக் கூட்டம் ஏழரைக்கு மெல்ல ஏறி, ஒன்பதுக்கு உச்சம் தொட்டு, பத்தரைக்கு வடிந்துவிடும். நெய்வேலியில் அந்தக் குடும்பக் கூட்டத்தோடு இன்னும் இரண்டு கூட்டங்கள் சேர்கின்றன. நைட் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் ஒன்பது மணி வாக்கில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். செகண்ட் ஷிஃப்ட் முடித்தவர்கள் பத்து மணிக்கு மேல் பசியோடு வருவார்கள். பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, வேலைக்குப் போகிறவரும் வேலை முடிந்து வருகிறவரும் ஒரே டீக்கடையில் சந்தித்துக்கொள்ளும் நேரம். கடைக்காரர் சாதம் வடிப்பதும், மாவு பிசைவதும், கோழி வாங்குவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எங்கே தேடுவது என்பதற்கும் ஊரின் அமைப்பே பதில் சொல்லும். நகரியம் 'வட்டம்' எனப்படும் பிளாக்குகளாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. கடைகள் மெயின் பஜார், சூப்பர் பஜார் போன்ற இடங்களில் ஒதுக்கப்பட்டன. குடியிருப்புத் தெருக்கள் அமைதியாக இருக்கும். இரவு நீளும் பிழைப்பு நகரியத்தின் ஓரங்களில், சாலையை ஒட்டி வளர்ந்தது. சென்னையிலிருந்து பண்ருட்டி, வடலூர் வழியாகக் கும்பகோணம் போகும் சாலையில் ஆர்ச் கேட், இந்திரா நகர்ப் பக்கம் ஒன்று. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் மந்தாரக்குப்பம் மற்றொன்று. இந்த ஓரங்களுக்கு ஷிஃப்ட் கூட்டத்தோடு வழிப்போக்கர் கூட்டமும் உண்டு. ஆகவே பத்தரைக்குப் பிறகும் சரக்கு ஓடும் வாய்ப்பு வட்டங்களுக்குள் இருப்பதைவிட இங்கே அதிகம்.

சாதத்துக்கு வயது உண்டு

சரக்கு தீரும் வேகத்துக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்டால், ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் ஒரு பிளேட் தயாராவதைக் கிட்ட நின்று பாருங்கள். பர்னர் இரைகிறது. இரும்புக் கடாய் புகைய ஆரம்பித்ததும் ஒரு கரண்டி எண்ணெய், மேலே ஒரு முட்டை. அது உறைவதற்குள் கிளறல். அடுத்து கோஸ், கேரட், பீன்ஸ். பிறகு அலுமினியக் குண்டானிலிருந்து இரண்டு கை சாதம், கொஞ்சம் சோயா சாஸ், மிளகுத்தூள், உப்பு. கடாயை இரண்டு தரம் தூக்கிப் போட்டால் மூன்று நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடுகிறது. பார்க்கிறவருக்கு எல்லாமே கண் முன்னால் சமைத்தது போலத் தோன்றும். உண்மையில் அந்த மூன்று நிமிடத்தில் பச்சையிலிருந்து வெந்தது முட்டையும் காய்கறியும் மட்டுமே. சாதம் சாயங்காலம் வடித்தது. நூடுல்ஸ் அப்போதே வேகவைத்து எண்ணெய் தடவி வைத்தது. கோழித்துண்டு முன்பே பொரித்து வைத்தது. சாதம் உதிரியாக வர வேண்டும் என்பதற்காகவே ஆறவைத்த சாதத்தைப் பயன்படுத்துவது இந்தச் சமையலின் முறை. அந்த முறைதான் அதன் ஆபத்தும்.

அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. சாதம் சூடாக, 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். வெதுவெதுப்பாக ஆறியதும் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சாதத்திலேயே சுரக்கின்றன. பிறகு எவ்வளவு நெருப்பில் வறுத்தாலும் கிருமி சாகுமே தவிர நஞ்சு அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். நைட் ஷிஃப்ட் போகிறவருக்கு அது வேலையின் நடுவில் வந்து நிற்கும். இதனால் ஃபிரைடு ரைஸ் விஷயத்தில் "சுடச்சுடத்தானே கொடுத்தாங்க" என்ற சமாதானம் செல்லாது. அது எத்தனை மணிக்கு வடித்த சாதம் என்பதே கேள்வி. கடலூர் மாவட்டத்தின் கடலோரப் புழுக்கத்தில், ஆழமான குண்டானில் மூடி வைத்த சாதத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைக்கும் கடைக்காரர் விவரம் தெரிந்தவர்.

இங்கேதான் மணி கைகொடுக்கிறது. ஆறு மணிக்கு வடித்த சாதம் ஒன்பது மணிக் கூட்டத்தில் தீர்ந்து, பத்து மணிக் கூட்டத்துக்கு இன்னொரு உலை ஏறியிருந்தால், நீங்கள் எந்தக் கூட்டத்தில் போனாலும் இளம் சாதம் கிடைக்கும். பதினொன்றரைக்கு மேல் உலை ஏற்றக் கடைக்காரருக்குக் காரணம் இல்லை. மிச்சத்தைத் தீர்த்துவிட்டு வண்டியைக் கட்டத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரவு ஒரு மணிக்கு வரப்போகும் நான்கு பேருக்காகப் புதிதாக இரண்டு படி அரிசி போட்டால் அன்றைய லாபம் அதிலேயே போய்விடும். நேர்மையான கடைக்காரரிடம்கூட நேரம் தப்பிப் போனால் பழைய சரக்குதான் கிடைக்கும்.

ஜப்பானிய நகரங்கள் கண்ட வழி

நள்ளிரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது ஜப்பானை விட்டுவிட முடியாது. ராமென் என்று இன்று உலகம் கொண்டாடுவது அங்கே சீனச் சாப்பாடாகத்தான் தொடங்கியது. டோக்கியோவின் அசகுசா பகுதியில் 1910-இல் திறந்த ராய்ராய்கென் என்ற கடை, யோகஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களை அழைத்து வந்து உழைக்கும் மக்களுக்கு மலிவு விலையில் நூடுல்ஸ் சூப் போட்டது. இந்தியாவிலும் கதை இதைப் போன்றதே. கொல்கத்தாவின் தாங்க்ரா பகுதிச் சீனர்களும், 1975-இல் மும்பையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியவராக அறியப்படும் நெல்சன் வாங்கும் இந்திய நாக்குக்குப் பழக்கிவிட்ட சமையல் பெரிய ஓட்டல்களிலிருந்து இறங்கி, கடைசியில் நம் ஊர்த் தள்ளுவண்டியில் வந்து நிற்கிறது. இரண்டு நாடுகளிலும் சீனச் சமையல் இரவுத் தொழிலாளிக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றுதான்: பெரும் நெருப்பு, சின்ன அடுப்பு, நிமிடக் கணக்கில் தட்டு.

ஃபுகுவோகா நகரத்தின் நகஹாமா பகுதி நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். அங்கே ராமென் கடைகள் மீன் சந்தையைச் சுற்றி வளர்ந்தன. ஏலம் விடுகிறவர்களும் கூடை தூக்குகிறவர்களும் அவசரத்தில் வருவார்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் வெந்துவிட வேண்டும் என்பதற்காக நூடுல்ஸை மெல்லிசாக்கினார்கள். மெல்லிய நூடுல்ஸ் சூப்பில் ஊறிக் குழைந்துவிடுமாதலால் முதலிலேயே நிறையப் போடாமல் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் சூடாக இன்னொரு பிடி வேகவைத்துச் சேர்க்கும் வழக்கம் வந்தது. அதற்கு கயேதமா என்று பெயர். வேலை நேரம் சாப்பாட்டின் வடிவத்தையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. சமைத்து வைத்துக் காத்திருப்பதை விட்டு, ஆள் வந்த பிறகு வேகவைக்கும் ஏற்பாடு அது.

ஃபுகுவோகாவின் யதாய் எனப்படும் தெருவோர இரவுக் கடைகள், பத்துப் பேர் தோளோடு தோள் உரசி உட்காரும் அளவுக்கே இருப்பவை. அந்நகரம் 2013-இல் அவற்றுக்கென்று தனி விதிமுறையே கொண்டுவந்தது. அங்கே பச்சை மீன் தின்னும் பழக்கம் நாடு முழுக்க இருந்தும், யதாயில் பச்சை உணவு பரிமாறக் கூடாது. பரிமாறும் முன் சூடாக்கியே தர வேண்டும். தண்ணீரும் குளிர்சாதனமும் குறைவாக உள்ள தெருக்கடையில் நெருப்பு ஒன்றுதான் நம்பத்தக்க காவல் என்பதை அந்த நகரம் சட்டமாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் வண்டிகளுக்கும் இதைத் தாராளமாகப் பொருத்திக்கொள்ளலாம். அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வருவதை வாங்குங்கள். மேலே தூவித் தரும் பச்சை வெங்காயம், அறுத்து வைத்த எலுமிச்சை, மயோனைஸ் இவற்றை நேரம் ஆக ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

மணிவாரியாக என்ன வாங்கலாம்

மாலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை எதையும் வாங்கலாம். ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு உகந்த நேரம் இதுவே. சாதம் வடித்து அதிக நேரம் ஆகியிருக்காது, பொரிக்கும் எண்ணெயும் அன்றைக்கு அதிகம் காய்ந்திருக்காது. நைட் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் தங்கள் முக்கியமான சாப்பாட்டை இந்த நேரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பத்தேகாலிலிருந்து பதினொன்று வரை இரண்டாவது அலை. இதில் பரோட்டாவுக்கே முதலிடம். மாவு உருண்டை எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். வீசி, சுருட்டி, கல்லில் போட்டு, இரண்டு கையாலும் தட்டி இதழ் பிரித்துத் தருவது உங்கள் கண் முன்னாலேயே நடக்கும். பதினொன்றரைக்கு மேல் பட்டியல் சுருங்கிவிடுகிறது: தோசை, ஆம்லெட், கல்லில் புதிதாகப் போடும் பரோட்டா. இந்த நேரத்தில் கலக்கியும் ஹாஃப் பாயிலும் வேண்டாம். முட்டை நன்றாக வெந்திருப்பது நல்லது. விடியற்காலையில் ஆவி பறக்கும் இட்லிக்கு நிகரில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போகிற வயிற்றுக்கும் அதுவே இதம்.

கொத்து பரோட்டாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு இரும்புத் தகடுகள் கல்லில் மோதும் தாளம் தெருமுனைவரை கேட்கும். அந்தச் சத்தமே பலருக்குப் பசியைக் கிளப்பும். ஆனால் கொத்து என்பது பகலில் மிஞ்சிய பரோட்டாவுக்கும் மறுவாழ்வு தரும் பண்டம். பரோட்டா சில மணி நேரம் கிடந்தாலும் வடித்த சாதத்தைப் போலக் கெடாது, அதில் ஈரம் குறைவு. கவனிக்க வேண்டியது அதன் மேல் ஊற்றும் சால்னாவை. கறிச்சால்னா அடுப்பை விட்டு இறங்கிப் பெரிய பாத்திரத்தில் ஆறிக் கிடந்தால் அதிலும் வித்துக் கிருமிகள் பெருகும். சிறு தணலிலாவது தளதளத்துக்கொண்டிருக்கும் சால்னாவா, ஆடை படிந்து நிற்கும் சால்னாவா என்று ஒரு பார்வை பாருங்கள். ஆடை படிந்திருந்தால் முட்டைக் கொத்தை வாங்கி, சால்னா வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கல்லைப் பார்க்கும் அதே பார்வையில் எண்ணெயையும் பார்த்துவிடலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல், பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. தெருவில் கருவி வைத்து அளக்க முடியாது. கண்ணும் மூக்கும் போதும். எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, மேலே நுரை அடங்காமல், போட்டவுடன் புகை கிளம்பினால் சிக்கன் 65-ஐ மறந்துவிடுங்கள். சிவப்பு நிறம் விரலில் ஒட்டிக் கழுவினாலும் போகாத வறுவலையும் ஒதுக்குங்கள். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை செய்தது சோதனைகளில் அகப்பட்ட சாயங்களைப் பார்த்த பிறகுதான். பார்சல் வாங்குகிறவர்கள் வீட்டிலிருந்து தூக்கு கொண்டுபோவது நல்லது. கொதிக்கும் சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவது உடம்புக்கும் ஆகாது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைகளுக்கும், தட்டின் மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் தடையும் இருக்கிறது. வாழையிலையோ மந்தாரை இலையோ போடும் கடை கிடைத்தால் தட்டு கழுவிய தண்ணீரைப் பற்றிய கவலையும் விட்டது.

எதிர்வாதங்கள்

கூட்டம் உள்ள நேரத்தில் போகச் சொல்வதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அவசரத்தில் சுத்தம் கெடும் என்பார்கள். காசு வாங்கிய கையாலேயே பரோட்டாவைப் பிய்ப்பதும், ஒரே பக்கெட் தண்ணீரில் தட்டுகளை முக்கி எடுப்பதும் நெரிசலில்தான் அதிகம். இதை மறுக்க முடியாது. ஆனால் இதற்காகக் கூட்டம் வடிந்த நள்ளிரவில் போவது தீர்வாகாது. கை ஓய்ந்திருக்கும், சரக்கு பழசாகியிருக்கும். நெரிசலின் உச்சத்தை விட்டு, அது தணியத் தொடங்கும் நேரத்தில் போவதே சரி. பத்துக்கு ஷிஃப்ட் முடிந்தால் பத்தேமுக்கால் வாக்கில் கல் இன்னும் காய்ந்திருக்கும், சாதம் இளசாக இருக்கும், மாஸ்டருக்கும் கை கழுவ நேரம் கிடைத்திருக்கும். கல்லாவுக்குத் தனி ஆள் வைத்திருக்கும் கடை என்றால் உச்ச நேரத்திலும் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும்: இரவில் சாப்பிடுவதே கெடுதல். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இலேயே, உடலின் நாள் ஒழுங்கைக் குலைக்கும் இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நள்ளிரவில் உண்ணும் மாவுச்சத்தை உடல் பகலில் கையாள்வது போலக் கையாள்வதில்லை. சர்க்கரை அதிகம் ஏறும், மெதுவாக இறங்கும். இது உண்மையே. ஆனால் நைட் ஷிஃப்ட் என்பது தொழிலாளி விரும்பி எடுத்த பழக்கம் அல்ல, நிலத்தடி ஊற்றும் பாய்லரும் கேட்கும் வேலை. பட்டினியாகச் சுரங்கத்தில் இறங்கச் சொல்வதில் பொருள் இல்லை. மேலே சொன்ன மணிக் கணக்கு இங்கும் உதவுகிறது. ஒன்பதரைக்குள் வயிறாரச் சாப்பாடு, நடுச்சாமத்தில் ஒரு தோசையோ வாழைப்பழமோ, விடியற்காலையில் இரண்டு இட்லி என்று பிரித்துக்கொண்டால் உடம்புக்கு இயன்ற அளவு நியாயம் செய்தவராவீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் மருத்துவரிடம் காட்டி, மாத்திரை நேரத்தோடு பொருத்திக்கொள்ள வேண்டும்.

கேன்டீன் இருக்கும்போது கடை எதற்கு, வீட்டுச் சாப்பாடு எதற்கு இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. 1948-இன் தொழிற்சாலைச் சட்டமும் 1955-இன் சுரங்க விதிகளும் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் கேன்டீனைக் கட்டாயமாக்கியதன் அருமை, அதைச் சாப்பிட்டு வளர்ந்த நெய்வேலிக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். கேன்டீன் எட்டும் தூரத்தில் இருப்பவர் அங்கேயே சாப்பிடுவது நல்லது. சரக்கு வேகமாகத் தீரும் இடம் அதுவும்தான். ஆனால் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சிக்கு வந்த இளைஞர், பேருந்து மாறும் பயணி ஆகியோருக்கு அது கிடைக்காது. வீட்டுச் சாப்பாட்டுக்கும் இதே விதிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. எட்டு மணிக்கு வெதுவெதுப்பாக டப்பாவில் அடைத்த சாம்பார் சாதத்தை இரவு இரண்டு மணிக்குத் திறந்தால், வடித்தது அம்மா என்பதற்காகக் கிருமி சும்மா இருக்காது. நைட் ஷிஃப்ட்டுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோவதென்றால் புளியோதரை, தயிர் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆகியவை தாங்கும். புளிப்பும் எண்ணெயும் கொஞ்சம் காவல் காக்கும்.

மைதாவும் அஜினோமோட்டோவும் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மைதாவில் உள்ள அலாக்சான் சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்று சொல்லப்படுவது, ஆய்வகத்தில் எலிகளுக்கு அந்த வேதிப்பொருளை ஊசியில் ஏற்றிச் செய்யும் சோதனையைப் பரோட்டாவோடு முடிச்சுப் போட்ட கதை. பரோட்டாவின் உண்மையான குறை நார்ச்சத்துக் குறைவும் எண்ணெய் மிகுதியும். தினமும் நான்கு சாப்பிட்டால் அந்தக் குறையே போதும், வேறு பூச்சாண்டி வேண்டாம். அஜினோமோட்டோ, டோக்கியோவில் இகேதா கிகுனாயே என்ற வேதியியலாளர் 1908-இல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவை. அதைச் சந்தேகப் பொருளாக்கியது 1968-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கடிதம். பின்னால் நடந்த ஆய்வுகள் அந்த அச்சத்தைப் பெரிதாக உறுதிப்படுத்தவில்லை. வண்டிக் கடைச் சாப்பாட்டில் கவலைப்பட வேண்டியது உப்பு. நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. சோயா சாஸும் உப்பும் அஜினோமோட்டோவும் சேர்ந்து விழும் ஒரு பிளேட் நூடுல்ஸிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். "அண்ணே, சாஸ் கம்மியா" என்று முன்கூட்டியே சொன்னால் எந்த மாஸ்டரும் கோபித்துக்கொள்வதில்லை.

நேரம் தப்பி வந்தவர்களுக்கு

எல்லோராலும் அலையைப் பிடிக்க முடியாது. ஓவர்டைம், தாமதமான பேருந்து, திடீர் வேலை என்று இரவு ஒரு மணிக்குப் பசியோடு நிற்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்நேரத்தில் திறந்திருக்கும் கடைகளே குறைவு என்பதை. 2019-இல் தமிழக அரசு 24 மணி நேரமும் கடை திறக்க அனுமதித்து, பிறகு அதை நீட்டித்தும் வந்திருக்கிறது. ஆனால் அந்த ஆணை பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. மாஸ்டரும் உதவியாளும் மட்டும் உள்ள வண்டிக்கு அது உதவாது. கிடைக்கிற கடையில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். அது கடைக்கு முகவரி உண்டு என்பதற்கான அடையாளமே தவிர, அன்றைய சாதத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

உத்தரவாதத்தைக் கேட்டுத்தான் பெற வேண்டும். "அண்ணே, சாதம் எப்ப வடிச்சது?" என்று தயங்காமல் கேளுங்கள். "இப்பதான் தம்பி" என்ற பதில் எல்லாக் கடையிலும் வரும். பதிலைக் கேட்டபடியே குண்டானைப் பாருங்கள். அடியில் கால் பாகம் கிடந்து, ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தால் ஒரு தோசையோடு முடித்துக்கொள்ளுங்கள். ஃபிரைடு ரைஸ் கேட்டதற்கு, "சாதம் தீர்ந்துபோச்சு, வேணும்னா ஆம்லெட் போட்டுத் தரேன்" என்று சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் அவர் வண்டி நிற்கும் இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாளை மாலை ஏழு மணிக்கு ஃபிரைடு ரைஸ் சாப்பிட வேண்டிய கடை அதுதான்.